பதினான்கு நிமிடப் பரிசோதனையும் என் தாயார் கொடுத்த நற்சான்றும்

அனுப்புநர்:
மீ. முஃபீதா, வயது 31,
த/பெ. (லேட்) மீரா முகைதீன்,
புதுமனைத் தெரு, மேலப்பாளையம்,
திருநெல்வேலி.

பெறுநர்:
மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்கள்,
திருநெல்வேலி மாவட்டம்.

பொருள்: பெரியவர்களுக்கான ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவுக் கோளாறு) பரிசோதனை – இணையவழியில் முறையின்றி நடத்தப்பட்டது – தவறான அறிக்கையைத் திரும்பப் பெறச் செய்யவும் மறுபரிசோதனைக்கு ஏற்பாடு செய்யவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவைச் சென்ற திங்கட்கிழமையே தங்களிடம் கொடுத்திருக்க வேண்டும். எழுதி, உறையிலிட்டு எடுத்து வந்தேன். பேருந்து இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். இது இரண்டாவது முறை எழுதுவது. என் குறை என்னவென்று விளக்க இதுவே ஓரளவு போதும் என்றாலும், நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். என் தந்தை காலமான பிறகு வீட்டுக்கு வருமானம் என் சம்பளம் மட்டுமே. ரத்தம் எடுப்பதில் என்னைக் குறை சொல்ல ஆளில்லை. கைக்குழந்தைக்கும் ஒரே குத்தில் எடுத்துவிடுவேன். எடுத்த பிறகுதான் தொல்லை. இந்தச் செப்டம்பரில் இரண்டு பேரின் குப்பிகளில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். அதில் ஒருவர் நிறைமாதக் கர்ப்பிணி. முடிவு வெளியே போகும் முன் நானே கண்டுபிடித்து, நானே போய் உரிமையாளரிடம் சொன்னேன்.

2. உரிமையாளர் திரு. ஆவுடைநாயகம் அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. அவர் சொன்னது இது: “நீ வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா இது ரத்தம்லா? டாக்டர்ட்ட காட்டி ஒரு எழுத்து வாங்கிட்டு வா. சீட்டு ஒட்டுத வேலைய வேற ஆள்ட்ட குடுத்து, உனக்குத் தக்கன மாத்திக்கிடுவோம்.” நவம்பர் 30 வரை கெடு கொடுத்தார். என் வேலை அந்த ஓர் எழுத்தில் தொங்குகிறது என்பதைத் தாங்கள் மனதில் கொள்ள வேண்டும்.

3. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஏன் போகவில்லை என்று தாங்கள் கேட்கலாம். அங்கே வரிசையில் நின்றால் நான் வீடு திரும்புவதற்குள் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிடும். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே சென்னையிலிருந்து இயங்கும் ‘தெளிவகம்’ என்ற இணையவழி மையத்தில் பதிவு செய்தேன். இந்தக் கோழைத்தனம் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். இனி எழுதும் தவறுகள் அவர்களுடையவை.

4. தெளிவகம் தன் இணையப் பக்கத்தில் எதையெல்லாம் எதிர்பார்க்கலாம் என்று விரிவாக வாக்களித்திருந்தது. முதலில் கேள்வித்தாள். பிறகு மனநல மருத்துவருடன் ஒரு மணி நேரக் காணொளி உரையாடல். தூக்கம், தைராய்டு, மனச்சோர்வு போன்ற வேறு காரணங்கள் இருக்கின்றனவா என்ற விசாரிப்பு. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று அறியப் பழைய பள்ளி ஆவணங்களைப் பார்த்தல். சிறுவயது முதல் அறிந்த ஒருவரிடம், முன்னறிவிப்புடன், பேசுதல். கடைசியில் அறிக்கையை நிதானமாக விளக்குதல். படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மணி நேரம் யாராவது என்னை உட்காரவைத்துக் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

5. நடந்தது பதினான்கு நிமிடம். எங்கள் வீட்டில் மாடிப்படியில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் நான் படியில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் தன் கேமராவைத் திறக்கவே இல்லை. பெயர் சொல்லவில்லை, பதிவு எண்ணும் காட்டவில்லை. ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லச் சொன்னார். என் ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டில் ஆசிரியை சிவப்பு மையில் ‘அறிவு உண்டு, கவனம் இல்லை’ என்று எழுதியிருப்பதைக் காட்ட மடியில் வைத்துக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோது, “அதெல்லாம் அப்புறம்” என்றார். அப்புறம் என்பது வரவேயில்லை.

6. அடுத்து அவர்கள் செய்ததை எந்த வார்த்தையால் குறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் தாயார் ஆசியா உம்மாளின் எண்ணைக் கொடுத்திருந்தேன். அழைப்பதற்கு ஒரு நாள் முன்பு எனக்குத் தெரிவிப்பதாக மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். தெரிவிக்கவில்லை. ஒரு பெண் நேராக என் தாயாரை அழைத்து, “சென்னையிலேர்ந்து பேசுறோம்மா, உங்க பொண்ணு முஃபீதாவைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்” என்றிருக்கிறார். மருத்துவம் என்ற சொல்லே அதில் இல்லை. பிறகு, பொண்ணு பொருளைத் தொலைப்பாங்களா, சொன்ன வேலையைப் பாதியில விடுவாங்களா, கோபம் வருமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

ஐயா, எங்கள் ஊரில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி அழைத்து மகளின் குணத்தை விசாரித்தால் அதற்குப் பொருள் ஒன்றுதான். மாப்பிள்ளை வீடு. என் தாயார் சொன்ன பதில் வருமாறு: “எம் மவ தங்கம்லாம்மா. ஒரு ஊசிய தொலைச்சது கெடையாது. எடுத்த வேலைய முடிக்காம எந்திரிக்க மாட்டா. அவ கோவப்பட்டு நான் பாத்ததே இல்ல.” வளையல், குடை, குர்ஆன் ஓதப் போன இடத்தில் செருப்பு என நான் தொலைத்தவற்றுக்காக இருபது ஆண்டுகளாக என்னைத் திட்டித் தீர்த்தவர் அவர். என்னைப் புகழ்ந்து அவர் பேசி நான் அறிந்தது இந்த ஒரு முறைதான்.

7. மூன்றாம் நாள், சென்னைக்காரர்கள் எப்போது பெண் பார்க்க வருகிறார்கள் என்று என் தாயார் என்னிடம் கேட்டார். பக்கத்து வீட்டு நஃபீஸத்திடமும் சொல்லிவைத்திருந்தார். நான் திகைத்து நிற்கையில் அறிக்கையும் வந்து சேர்ந்தது: ‘சிறுவயதில் அறிகுறிகள் இல்லை என்பதைத் தாயார் உறுதிப்படுத்தினார். ஏ.டி.எச்.டி. இல்லை. சிக்கல் பொறுப்புணர்வு சார்ந்தது. ஒழுங்கைப் பழகிக்கொள்ள அறிவுறுத்தப்படுகிறது.’ பொறுப்பில்லாதவள் என்பதை எங்கள் தெருவே எனக்கு இலவசமாகச் சொல்லும். அதற்கு மருத்துவர் எதற்கு?

8. தவறு நேர்ந்த விதத்தை விளக்கி ஐந்து மின்னஞ்சல்கள் அனுப்பினேன். ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஐந்து முறையும் ஒரே பதில். அண்ணாச்சி அந்த அறிக்கையை இரண்டு தடவை படித்தார். ரத்தம் எடுக்கும் அறையின் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. மருத்துவர் எழுதியதை அவர் நம்பாமல் என்ன செய்வார்?

9. எனக்கு இந்தக் கோளாறு உண்டு என்று எழுதித் தாருங்கள் என நான் கேட்கவில்லை. இல்லையென்றால் இல்லை, ஒழுங்காகப் பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும். நிறுவனம் சென்னையில் இருக்கிறது, எங்கள் எல்லைக்குள் வராது என்று மட்டும் தயவுசெய்து பதில் எழுதிவிடாதீர்கள். பரிசோதனைக்கு உள்ளான நான் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறேன்.

ஆகவே, அந்த அறிக்கையில் ஒப்பமிட்டவர் யார், பதிவு பெற்ற மருத்துவர்தானா என்று விசாரித்து, அதைத் திரும்பப் பெறச் செய்ய வேண்டும். 30.11.2025-க்கு முன் அரசு மருத்துவமனையில் எனக்கு முறையான பரிசோதனை கிடைக்கச் செய்ய வேண்டும். வரிசையில் நிற்கிறேன், தெரு பார்த்தாலும் சரி. அதற்குள் முடியாதென்றால், மறுபரிசோதனை நிலுவையில் உள்ளது என்று என் உரிமையாளருக்கு ஒரு கடிதமாவது தர வேண்டும்.

ஏர்வாடியிலிருந்து இப்போது உண்மையிலேயே ஒரு வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மனு கோப்பில் ஏறுமுன் செய்தி அவர்களுக்குப் போய்விடும் என்று என் தாயாருக்குத் தெரியும். இரண்டு நாள் யோசித்தார். பிறகு சொன்னார்: “நல்லதா நாலு வார்த்த சொல்லப் போயி, எம் புள்ள சோத்துல நானே மண்ண அள்ளிப் போட்டுட்டேன். ஆபீசர்ட்ட நானே வந்து உள்ளதச் சொல்லுதேன்.” எந்த நாள் அழைத்தாலும் வருவார். அவரிடம் கேளுங்கள், ஐயா. தாங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

இடம்: மேலப்பாளையம்
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்
(ஒப்பம்) மீ. முஃபீதா

மேலே என்னைப் பற்றி எழுதியிருப்பது உண்மை:
(ஒப்பம்) ஆசியா உம்மாள், தாயார்