பூதத்தின் நிறம்

அன்பின் றுக்ஸானா,

அஸ்ஸலாமு அலைக்கும். டோஹா வெயிலிலும் நான் சுகம்தான். உன் முழங்கால் வலி எப்படி?

சின்ன வயதில் பார்த்த படத்தில் பூதமாக நடித்தவர் இறந்துவிட்டார். நேற்று அறையில் எல்லோரும் அந்தப் படத்தை ஃபோனில் பார்த்தார்கள். பூதம் நீல நிறம்! நான் பார்த்தது கறுப்பு வெள்ளை டிவியில். தியேட்டரில் பார்த்திருந்த என் கூடப்பிறந்த காக்காதான் நிறம் சொன்னார்: "நல்ல பச்சை தம்பி, நம்மட வயல் மாதிரி."

இத்தனை வருடம் நம்பியிருந்தேன். நம் மகளின் கலியாணத்துக்கு வராததால் நான் கதைக்காமல் விட்ட மனிதர், அதிலும் ஏமாற்றியிருக்கிறார். உறக்கமே வரவில்லை.

யாராவது இங்கே வந்தால் மாசிச் சம்பல் கொடுத்துவிடு. காக்காவின் நம்பரையும் அனுப்பு. சண்டை பிடிக்க இல்லை. ஏன் பச்சை என்று மட்டும் கேட்க வேண்டும்.

வேலைக்குப் போக வேன் வந்துவிட்டது.

ஜவுபர்