அடியில் வைத்த சந்தனம்

மதுரை
5-12, வியாழன்

அன்புத் தம்பி முபீனுக்கு,

ஜெயபாண்டி எழுதுகிறேன். உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருக்கிறாய் என்றால் அதுவே பெரிய விஷயம். இன்னும் கொஞ்சம் படித்துவிடு.

முதலில், கை எப்படி இருக்கிறது? தையல் பிரித்தாச்சா? விரலை முழுசாக மடக்க முடிகிறதா? இதை அன்றைக்கே அந்த மண்டபத்திலேயே கேட்டிருக்க வேண்டும். இருபத்தாறு நாள் கழித்துத் தபாலில் கேட்கிறேன்.

போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் என் வாய் ஒழுங்காக இருக்காது, உனக்குத் தெரியும். பாதியில் கோபம் வந்து பழியை மறுபடி உன் தலையிலேயே போட்டாலும் போட்டுவிடுவேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் அனுப்பிய பிறகும் அழித்துக்கொள்ளலாம். அந்த வசதி எனக்கு வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ட்ரோனில் கோளாறு என்னவென்று தெரிந்துவிட்டது. நீ அதைக் கீழே போடவில்லை.

நீ போன மறுநாளிலிருந்து அதைச் சரிபண்ண நான் படாத பாடில்லை. ஸ்டுடியோ ஹாலில் ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்திவிட்டு ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தால், பத்து எண்ணுவதற்குள் சுவர்ப் பக்கம் ஒதுங்கிவிடும். ஃபேனைப் போட்டால் ஃபேன் தள்ளுகிற பக்கம் போகும். நாலு இறக்கையையும் புதுசாக மாற்றினேன். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே சமமான தரையில் வைத்து சென்சார்களை முதலிலிருந்து சரிபார்த்தேன். இரும்பு பக்கத்தில் இருந்தால் திசைகாட்டி குழம்பும் என்பாயே, அதற்காக நாகமலை அடிவாரத்துக்குக் கொண்டுபோய், வெட்டவெளியில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எனக்குக் கிறுகிறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அங்கே மேலே தூக்கினால் ஆணி அடித்த மாதிரி நின்றது. திரும்ப ஹாலுக்குள் வந்தால் பழைய கதை. வெளியே நிற்கிறது, உள்ளே நிற்கவில்லை. அப்போதும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. கூரைக்குக் கீழே சாட்டிலைட் கிடைக்காது, அடியில் இருக்கிற சின்னக் கேமரா தரையைப் பார்த்துத்தான் இடம் பிடித்து நிற்கும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். போன் திரையில் மஞ்சளாக ஏதோ எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. அது எப்பவும் வருவதுதானே என்று விரலால் தள்ளிவிட்டேன்.

பத்து நாள் இப்படிப் போனது. ஒரு மத்தியானம் இறக்கை ஸ்க்ரூவை முடுக்குவதற்காக அதைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். ஜன்னல் வெயில் அடிப்பக்கத்தில் விழுந்தது. அந்தச் சின்னக் கண்ணாடி மேல் ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டி அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம். நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜைக்கு நான் வைத்தது. மேலே வைத்தால் கல்யாண வீட்டில் பார்க்க அசிங்கமாக இருக்கும், முன்னால் வைத்தால் படத்தில் விழும் என்று பெரிய புத்திசாலி மாதிரி யோசித்து, கவிழ்த்துப் போட்டு வயிற்றில் வைத்தேன். மற்ற கேமராவுக்கும் லைட்டுக்கும் ஆளுக்கொரு பொட்டு. புதுசாச்சே என்று இதற்கு மட்டும் கட்டைவிரலால் அப்பினேன்.

மூக்குக்கண்ணாடித் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, அதே ஹாலில், ஃபேன் ஓட ஓடத் தூக்கினேன். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை தம்பி. பேட்டரி தீர்ந்து அது கத்துகிற வரைக்கும் இறக்கத் தோன்றாமல் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும். ஹாலாஸ்யம் சார் மகள் கல்யாணத்தன்று காலை பெட்டியைத் திறந்ததும் நீ என்னிடம் வந்து, “அண்ணே, அடியில சந்தனம் கண்ணாடிய மறைக்குது, துடைச்சிரட்டுமா” என்று கேட்டாய். பேசாமல் துடைத்திருக்கலாம். எனக்குத் தெரிந்தே இருக்காது. பூஜைப் பொட்டு ஆயிற்றே என்று என்னிடம் உத்தரவு கேட்டாய். நான் என்ன சொன்னேன்? “சாமிக்கு வச்ச பொட்டுல நீ எதுக்குடா கை வைக்கிற” என்றேன். பக்கத்தில் மேளக்காரர்கள் நின்றார்கள், எல்லாருக்கும் கேட்டது. நீ தலையைக் குனிந்துகொண்டு, “அப்பச் சரிண்ணே, மண்டபத்துக்குள்ள மட்டும் பறக்க விட வேணாம்” என்றாய். ரிமோட்டை உன் கையிலிருந்து பிடுங்கி நானே தூக்கினேன்.

நம் ஸ்டுடியோவில் எட்டு வருஷமாக அந்தப் பூஜைக்குப் பொரிகடலையும் வாழைக்கன்றும் வாங்கிவருவது நீ. பூசணிக்காய் உடைத்த இடத்தைக் கூட்டி அள்ளுவது நீ. உன்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னேன். அவசரத்தில் வாய் தவறிவிட்டது என்று எழுதத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். அது பொய். உனக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். அதைவிடக் கேவலம், நீ கேட்டதே எனக்கு மறந்து போயிருந்தது. சந்தனத்தை மோந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

தாலி கட்டுகிற நேரத்தில் அது மேடைப் பக்கம் ஒதுங்கிப் பெண்ணின் அம்மா முகத்துக்கு நேராகப் போனது. நான் ரிமோட்டை வைத்துக்கொண்டு முழித்தேன். நீதான் பாய்ந்து வெறுங்கையால் பிடித்தாய். உன் உள்ளங்கை ரத்தம் மணமேடைக் கோலத்தில் சொட்டுகிறது, நான் ட்ரோனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். முந்தின வாரம் பழகிப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுபோனாயே, அங்கே கீழே போட்டுவிட்டு மறைத்துவிட்டாய் என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துடைக்கிறேன் என்றேன், இவர்தான் விடவில்லை என்று சொல்லியிருந்தால், அந்தக் கூட்டத்தில் என் மானம் கப்பலேறியிருக்கும். நீ கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த மெமரி கார்டை என்னிடம் எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாய். அப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வீடியோக்காரர்கள் குரூப்பில், முபீனை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள் என்று நாற்பது வினாடி பேசிப் போட்டேன். மதுரையில் ஒரு ஸ்டுடியோவும் உன்னை எடுக்காமல் திருப்பூருக்குத் துரத்தி அட்டைப்பெட்டி ஒட்ட வைத்தது அந்த நாற்பது வினாடிதான்.

இன்னும் கேள். கோளாறு தெரிந்த பிறகும் பன்னிரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. நடுவில் இரண்டு கல்யாணம் எடுத்தேன். திருவாதவூர் ஸ்டுடியோ முத்திருளன் பார்த்துவிட்டு, “எப்புடிண்ணே சரி பண்ணீங்க, இம்புட்டு நச்சுன்னு நிக்குது” என்று கேட்டான். செட்டிங்ஸை மாற்றினேன் என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தேன்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என்ன ஏது என்று உன் மதினி சரண்யாதேவி குடைந்ததில் சொல்லிவிட்டேன். “நீங்கல்லாம் ஒரு மனுசனா” என்று கேட்டவள் அதோடு பேச்சை நிறுத்தினாள். தட்டை வைப்பாள், போய்விடுவாள். மூன்றாம் நாள் அவளே காஜிமார் தெருவுக்குப் போய் சாதிகாவைப் பார்த்து உன் விலாசத்தை வாங்கிவந்தாள். சாதிகா டீ போட்டுக் கொடுத்ததாம். “கை வழுக்கிருச்சு, தப்பு எம்மேலதான்னு சொன்னாங்கக்கா, வேற ஒண்ணும் சொல்லலை” என்றதாம். கட்டியவளிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையா நீ? அதைக் கேட்டதும் எழுந்து கொல்லைப் பக்கம் போய் அழுதேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நேற்று அதே குரூப்பில், பொட்டு வைத்தவன் நான், துடைக்க விடாதவன் நான், பழி போட்டவனும் நான், முபீன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று பேசிப் போட்டேன். நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். முத்திருளன் மட்டும் கூப்பிட்டு, “தை மாசம் ஆறு முகூர்த்தம் இருக்குண்ணே, முபீனை நான் கூப்பிட்டுக்கவா” என்றான். தாராளமாகக் கூப்பிடு என்றேன். அவன் நல்லவன், அவனிடம் போ. ஹாலாஸ்யம் சாரையும் போய்ப் பார்த்தேன். வாசலில் நிற்க வைத்தே கேட்டுக்கொண்டார், பக்கத்தில் அவர் வீட்டம்மா. “அந்தப் பிள்ளை கையை நீட்டலேன்னா இவ மூஞ்சி என்ன ஆயிருக்கும்? அவனைப் போய்க் கத்தினேளே” என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

என்னிடமே திரும்பி வா என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. நீ வேறு, “பரவாயில்லைண்ணே” என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடுவாய், உன் குணம் அப்படி. அதை மட்டும் செய்யாதே. என்னால் தாங்க முடியாது.

போன் போடு. அண்ணே கிண்ணே எல்லாம் வேண்டாம், ஜெயபாண்டி என்று பெயரைச் சொல்லித் திட்டு. மண்டபத்தில் சொல்லாமல் விழுங்கினாயே, அது அத்தனையும் சொல். நான் குறுக்கே பேச மாட்டேன். திட்டவும் வாய் வராவிட்டால் பரவாயில்லை, என் குரலைக் கேட்டதும் வைத்துவிடாதே தம்பி. ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் இரு.

நீயும் சாதிகாவும் குழந்தை இஜாஸும் உடம்புக்கும் பேருக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்ளும்,

ஜெயபாண்டி