ஜெபம் வராத ஜெபக்கார அக்கா

என்னங்க, நீங்கள் நடக்கப் போனதும் காலிங் பெல் அலறியது. மாடி வீட்டு ரோஸ்லின். அவள் வீட்டுக்காரருக்கு இன்று ஹெர்னியா ஆபரேஷன்.

"ஜெபம் பண்ணுங்கக்கா, நக்கோ, மாட்டேன்னு சொல்லாதீங்க!"

'இனி ஜெபமும் வேண்டாம், சபையும் வேண்டாம்' என்று நேற்று உங்களிடம் கத்திய வீராங்கனையான நான் முழங்கால் போட்டேன். ஸ்தோத்திரத்துக்கு மேல் வார்த்தையே வரவில்லை.

"ஆண்டவரே, எனக்கு ஒண்ணுமே வரல" என்றேன்.

அவள் சத்தமாக "ஆமென்!" என்றாள். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மனசு இப்படி லேசாகி எத்தனை மாதமாயிற்று!

அவளோடு செகந்திராபாத் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ரசம் இருக்கிறது; சோறு மட்டும் வையுங்கள். சாவி வாட்ச்மேனிடம்.

பி.கு.: நேற்றுக் கத்தியதற்கு மன்னியுங்கள். ஜெபம் வராததற்கு ரோஸ்லினிடமும் மன்னிப்புக் கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறாள்:

"எனக்கும் ரொம்ப நாளா வரலக்கா. அதான் உங்ககிட்ட ஓடி வந்தேன்."