எல்லாரும் இறங்கிட்டாங்க

மார்ச் 6

இப்போது நிஜமாகவே வீட்டுக்காரர் ஆகிவிட்ட என் வீட்டுக்காரருக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். எங்கே என்று கேட்டால்தான் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஏரி. அதன் மேல் யாரோ பாலை ஊற்றிவிட்டு மறந்துபோன மாதிரி மூடுபனி. கரையில் நம் வேன், வேனுக்குள் நான். பகல் பத்து மணி ஆகியும் எதிர்க்கரை தெரியவில்லை. தெரிந்துகொள்ள எனக்கு அவசரமும் இல்லை.

போனை அணைத்து வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபத்தாறு வருஷம் விமான நிலைய டவரில் காதுக்குள் குரல்களோடு குடித்தனம் நடத்தியவள் நான். "இறங்கலாமா, இன்னும் சுத்தணுமா, எவ்வளவு உயரத்துல வரணும்?" என்று ஆகாயத்தில் இருந்த அத்தனை பேரும் என் காதைத்தான் தட்டினார்கள். இனிக் கொஞ்ச நாள் எந்தக் குரலும் காதுக்குள் வேண்டாம், உங்களுடையது உட்பட. நீங்கள் கையெழுத்தாக வாருங்கள். அது கோழி கிளறியது போல இருக்கும் என்பதுவரை நினைவிருக்கிறது.

ரொட்டிக்கடைக்காரரிடம் வாங்கிய வண்டி அல்லவா, மழை பெய்தால் உள்ளே ரொட்டி வாசம் வருகிறது. நேற்று மழையில் படுத்தபடி அதை முகர்ந்துகொண்டே இருந்தேன். பிறகு பசித்தது.

ஒன்று கேட்க வேண்டும். வேலையை விட்டுவிட்டேன் என்று வந்து சொன்ன அன்று நீங்கள் "சரி" என்றீர்கள். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கித் துடைத்துக் கொடுத்தீர்கள். அவ்வளவுதான். அந்தச் "சரி"க்கு என்ன அர்த்தம்?

ஏரிக்கரைத் தபால் நிலையத்துக்கு எழுதினால், வாங்கி வைப்பதாக அங்கே வேலை பார்க்கும் அம்மாள் சொல்லியிருக்கிறாள்.

உங்கள்,
வேன்காரி


மார்ச் 15

வேன்காரிக்கு,

நலம். நலமில்லை என்று எழுதினால் மட்டும் ஓடியா வரப்போகிறாய்?

மூன்று அறை வீட்டை விட்டுவிட்டுப் போய் ஒரு ரொட்டி வண்டிக்குள் முடங்கிக் கிடக்கிறாய். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்பார்களே, அதை நேரில் பார்க்கிறேன். இங்கே உன் தயவில் நானும் சமைக்கிறேன். சோறு அடியில் தீய்ந்து, மேலே வேகாமல், நடுவில் மட்டும் சோறாக இருக்கிறது. நடுவைத் தின்று உயிர் வாழ்கிறேன்.

என் தங்கை தினமும் கடைக்கு வந்துவிடுகிறாள். மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள் எதிரிலேயே, "அண்ணி எப்ப வருவாங்க? சண்டையாண்ணே? என்கிட்ட மட்டும் சொல்லு" என்கிறாள். சண்டை இல்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள். "சண்டை போட்டாக்கூட ஒரு காரணம் இருக்கும். காரணமே இல்லாம ஒரு பொம்பள கிளம்பிப் போவாளா? ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது, பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

"சரி" என்றால் சரி. அதற்கு அர்த்தம் வேறு வேண்டுமா?

வேனின் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத் தூங்கு. பக்கத்தில் ஏரி.

இப்படிக்கு,
வீட்டுக்காரன்


மார்ச் 28

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

கைப்பிரேக் போட்டுத்தான் இருக்கிறது. ஆனால் சில காலைகளில் ஏரிதான் மெல்ல நகர்ந்து வந்துவிட்டது போலத் தோன்றுகிறது. கதவைத் திறந்தால் தண்ணீர் வாசற்படி வரை வந்து நிற்கும். மறுநாள் காணோம், தூரத்தில் கிடக்கும். அணையைத் திறந்து மூடுகிறார்கள் என்று தபால் அம்மாள் சொன்னாள். எனக்கென்னவோ அது என்னைப் பார்க்க வருகிறது என்று நினைத்துக்கொள்வதுதான் பிடித்திருக்கிறது.

கிழமை மறந்துவிட்டது. அது என்ன சுகம் தெரியுமா? காலையில் நீந்துகிறேன். பிறகு கல்லில் உட்கார்ந்து தலை காய வைக்கிறேன். தலை காய்வதற்கு இவ்வளவு நேரம் ஆகும் என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் ஈரத்தலையோடுதான் வேலைக்கு ஓடியிருக்கிறேன். நாரைகள் வந்து இறங்குகின்றன. யாரையும் கேட்பதில்லை. ஒன்றோடொன்று மோதுவதும் இல்லை. முதல் வாரம் எது முதலில், எது அடுத்து என்று நான் வரிசை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வெறுமனே பார்க்கிறேன்.

நீங்கள் வாருங்கள். கடையைப் பத்து நாள் பூட்டுங்கள். பத்து நாளில் ஊரில் ஒருத்தருக்கும் பார்வை போய்விடாது.

உங்கள்,
வேன்காரி


ஏப்ரல் 22

என் அன்புக்குரியவளுக்கு,

ஏரிக்கரையில் உன்னோடு பத்து நாள் இருந்துவிட்டு நேற்று மாலை வீடு வந்து சேர்ந்தேன். பஸ் ஏறும்போது நீ கேட்டாய்: "ஏங்க, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே போறீங்க?" இடுப்பு வலி என்றேன். இடுப்பும் வலித்தது, அது பொய் இல்லை. ஆனால் அது இல்லை விஷயம்.

உன் மேலதிகாரி, நான் அங்கே கிளம்புவதற்கு முதல் நாள் கடைக்கு வந்தார். கண்ணாடிக்குக் கால் மாற்ற வந்தவர் போல வந்து உட்கார்ந்து, "மேடம் சீட் இன்னும் காலியாத்தான் இருக்கு சார். மாசக் கடைசிக்குள்ள வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்குக் காலில் சக்கரம் கட்டியது போல ஆகிவிட்டது. உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வரத்தான் அங்கே வந்தேன்.

வந்தேன், சொல்லவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீ இரவு வேலை முடிந்து வந்து பகலில் தூங்குவாய். மதியம் நான் கடையிலிருந்து சாப்பிட மாடிக்கு வருவேன். திரை போட்ட அறைக்குள் நீ பேசிக்கொண்டிருப்பாய். "இன்னும் ஒருத்தர் மேலயே இருக்கார். யாரு பாக்கறீங்க? யாரு பாக்கறீங்க?" என்பாய். முதல் தடவை தோளைத் தட்டப் போனேன். எழுப்ப மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாரும் இறங்கிட்டாங்க. நீ தூங்கு" என்றேன். நீ "ம்" என்று புரண்டு படுத்தாய். அன்று முதல் அது என் வேலை ஆயிற்று. எத்தனை வருஷம்! சாப்பாடு ஆறினாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்குவேன். உன்னிடம் சொன்னதில்லை. சொன்னால் நீ தூங்கவே பயப்படுவாய்.

ஏரிக்கரையில் வேனின் பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு நீ மதியத்தில் தூங்கினாய். தண்ணீரில் பட்ட வெயில் வேனின் கூரையில் அலை அலையாக ஆடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். உன் உதடு அசையவே இல்லை. மறுநாளும் இல்லை. கல்யாணமான புதிதில் உனக்கு ஒரு முகம் இருந்தது. அது எங்கே போயிற்று என்று நான் தேடியதுகூட இல்லை. அங்கே படுத்திருந்தது.

சந்தோஷப்பட வேண்டியவன்தான். பட்டேன். கூடவே இன்னொன்றும் தோன்றியது: நீ வேலையை விட்டாய், என் வேலையும் போய்விட்டது. எனக்கு யாரும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை.

சீட் விஷயத்தை மறைப்பது நியாயம் இல்லை, அதனால் இப்போது எழுதிவிட்டேன். டவரா, ஏரியா, நீயே முடிவு செய். இடையில் நான் ஒருவன் இருக்கிறேன் என்று யோசிக்காதே.

அந்தச் "சரி"க்கும் அர்த்தம் கேட்டாய். போய்விடாதே என்று சொல்ல வாய் வரவில்லை, அதுதான்.

இப்படிக்கு,
வீட்டுக்காரன்


ஏப்ரல் 29

என்னங்க,

உங்களிடம் இத்தனை வருஷம் நானும் ஒன்றைச் சொன்னதில்லை.

என் தூக்கத்தில் ஒரு குரல் வரும். மற்ற குரல்கள் எல்லாம் என்னைக் கேட்கும். அது மட்டும் எனக்குச் சொல்லும். என்ன சொல்கிறது என்று விழித்ததும் மறந்துவிடும். அதன் பிறகு வருகிற அமைதி மட்டும் உடம்பில் மிஞ்சியிருக்கும். யாரோ ஒரு விமானி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் அந்தக் குரல்மேல் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. கட்டின புருஷன் கீழே கடையில் இருக்க, மேலே படுத்துக்கொண்டு கனவில் எவனோ ஒருவன் பேச்சைக் கேட்டுச் சொக்கிப்போகிறோமே என்று உங்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். சில நாள் அதற்காகவே உங்களோடு கூடுதலாகச் சிரித்துப் பேசியிருக்கிறேன்.

கடிதத்தைப் படித்துவிட்டுத் தபால் நிலைய வாசலில் உட்கார்ந்து அப்படிச் சிரித்தேன். அழுதுகொண்டே சிரித்தேன். அந்த அம்மாள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "கெட்ட சேதியாம்மா?" என்றாள். "இல்லம்மா, ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

மேலதிகாரியிடம் சொல்லிவிடுங்கள், அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்காரட்டும். நான் வரவில்லை. உங்கள் தங்கையிடமும் சொல்லுங்கள்: ஆடின கால் இப்போது தண்ணீருக்குள் தொங்கியபடி சும்மாதான் இருக்கிறது.

ஆனால் நடுவில் இருக்கும் உங்களை யோசிக்காமல் எப்படி? கடையை நீங்கள் விடமாட்டீர்கள்; விடச் சொல்லவும் மாட்டேன். மாதத்தில் பாதி கடைக்கு, பாதி எனக்கு. மழைக்காலம் வந்தால் வேனைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறேன், நான் இருக்கிற நாட்களை உங்கள் தங்கை எண்ணி எண்ணிப் பார்க்கட்டும். வேலை போய்விட்டது என்று மூலையில் உட்கார வேண்டாம். தூங்குகிறவளோடு பேசிப் பழகியவர் நீங்கள். விழித்திருப்பவளோடு பேசவும் மெல்லக் கற்றுக்கொள்ளலாம்.

நீங்கள் இங்கே இருந்த நாளெல்லாம் உங்கள் கால் படுக்கைப் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்? இன்று காலை தச்சரை அழைத்து வந்தேன். பலகையை நீட்ட இடம் வேண்டியிருந்ததால் இருந்த ஒரே அலமாரியும் போயிற்று, போகட்டும். "எவ்வளவு நீளம் வேணும்மா?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆகாயத்தில் பறந்த ஒவ்வொருவரின் உயரமும் எனக்கு அத்துப்படி. உங்கள் உயரம் தெரியாது. வெட்கத்தை விட்டுப் பலகையில் படுத்து, "என்னைவிட ஒரு சாண் கூட இருக்கட்டும்" என்று கையால் காட்டினேன்.

சரியாக இருக்கிறதா என்று வந்து படுத்துப் பாருங்கள்.

உங்கள்,
நான்தான்