அத்தை இல்லாத ஒரு படம்

என்னங்க, நலம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

நீங்கள் இங்கே வந்து வேலை செய்ய அனுமதி கேட்கும் விண்ணப்பத்தைக் கல்லூரி அலுவலகத்தில் காட்டினேன். அங்கிருந்த அம்மா நம் கல்யாணப் படங்களைப் புரட்டிவிட்டு, "எல்லாத்துலயும் நடுவுல நிக்கிறாங்களே, இவங்க யாரு?" என்றார்.

"மாமியார்" என்றேன். சிரித்துவிட்டார். நாம் கணவன் மனைவி என்பதற்குச் சான்றாக, நாம் இருவர் மட்டும் உள்ள படம் வேண்டுமாம். அத்தையை வெட்டிவிடலாம்தான், ஆனால் நம் கைகள் அவர் தோளில் அல்லவா இருக்கின்றன!

நான் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் உங்கள் அக்கா நம் இருவரையும் ஒரு படம் எடுத்தாரே, "நான் அழுறது தெரியுது, அழிச்சிடுக்கா" என்றீர்களே, அது இருக்கிறதா? இருந்தால் அச்சுப்போட்டு, உங்கள் பழைய போர்வையோடு பார்சலில் அனுப்புங்கள்.

இரண்டு பிரதி வேண்டும். விண்ணப்பத்துக்கு ஒன்றுதான் கேட்டார்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
நான்