சேகரின் மூளை

22-1-1979, திங்கள்

கணக்கில் நான்தான் முதல் மார்க். பேப்பரைக் கொடுக்கும்போதே வாத்தியார், "இவ உருப்போட்டு வாங்கினது. மூளைன்னா சேகருக்குத்தான். புத்தகத்தையே தொடாம எழுபது வாங்கிகினு வரான்" என்றார். புரியாமல் ஒரு வரி படித்தவளில்லை நான்.

தேற்றத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். வீட்டுத் தறியில் உட்கார்ந்து, மிதிகட்டையை மிதித்து நெய்துகொண்டே படிக்கிற பழக்கம். கால் தானாகத் தரையை மிதித்தது. வகுப்பே சிரித்தது. "பாத்தீங்களா, மிஷினு" என்றார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து அதே சேகர் வந்தான். "வாத்தியார் சொல்லிகினே போறாரு, ஒண்ணும் புரியல. நீ சொல்லிக்குடேன்."

தறியை நிறுத்தாமல் மூன்று தரம் விளக்கினேன். மூன்றாம் தரம் அவனே சொன்னான். அவன் காலும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

நாளைக்கு வகுப்பில் சொல்வான். வாத்தியார் அதை மூளை என்பார்.