இசைத்தட்டில் வைத்த விரல்

மாயாபந்தர், அந்தமான்,
18-8-1974

சேசு மரி சூசை துணை.

நியூயார்க் பட்டணத்தில் ட்ரம்பெட்டும் கொங்கா மேளமும் சூழப் பாடிவரும் மருமகள் ஞானசெல்விக்கு, தன்னைக் கேட்காமல் எந்தக் கப்பலும் இந்த ஜெட்டியில் கயிறு கட்டாத கஸ்பார் மாமன் எழுதுவது. எல்லோரும் சுகம். மழைதான் விடவில்லை.

நீ அனுப்பிய இசைத்தட்டு போன கப்பலில் வந்தது. உறையில் உன் படத்தைப் பார்த்துத் தபால் ஆபீசே எழுந்து நின்றது. பாட்டு உனக்கு என்னிடமிருந்து வந்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன். மறுக்காதே.

கூட வந்த உன் கடிதத்தை என் அக்காவுக்கு, அதுதான் உன் அம்மாவுக்கு, வாசித்தேன். ஆஸ்பத்திரி வேலையை விட்டு, அந்த லத்தீன் ஜாஸ் குழுவோடு ஊர் ஊராகப் பாட ஒப்பந்தம் வந்திருப்பதையும், அம்மா சரி என்றால்தான் கையெழுத்து, இல்லையேல் பாட்டே வேண்டாம் என்று நீ எழுதியதையும். மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நர்சு வேலைக்கில்ல அனுப்புனேன், கூத்துக்கா அனுப்புனேன்?" என்றாள்.

ஊரில் கிராமபோன் பங்குச் சாமியாரிடம் மட்டும்தான். லத்தீன் என்று உறையிலேயே போட்டிருக்கிறதே, பூசைப் பாட்டு என்று சொல்லி வாங்கி வந்தேன். சாவி கொடுத்து ஊசியை வைத்தால், பழைய பெட்டி, தட்டு குதிரை ஓட்டமாய்ச் சுற்றியது. உன் குரல் கீச்சுக் கீச்சென்று வந்தது. பக்கத்து வீட்டு வங்காளி பாபு, "அரே கஸ்பார், யே தோ மைனா ஹை!" என்று, பாடுவது மைனாக் குருவியாம், சிரிக்க, கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுழலும் தட்டின் ஓரத்தில் ஆட்காட்டி விரலை மெல்ல அமுக்கினாள். வேகம் குறைந்தது. குரல் இறங்கியது. இன்னும் கொஞ்சம் அமுக்கி, ஓரிடத்தில் நிறுத்தி, "இந்தா, இதுதான் எம்புள்ள" என்றாள். பாட்டு முடியும்வரை விரலை எடுக்கவில்லை. அந்தப் பாஷை ஒருவருக்கும் புரியவில்லை. ஒருவரும் எழுந்து போகவுமில்லை.

ஊசி தட்டை உழுதுவிட்டது. இன்னொன்று அனுப்பு.

கோபப்படாதே, ஒன்று சொல்ல வேண்டும். நாலு வருஷமாக 'அம்மா ஆசீர்வாதம் சொன்னாள்' என்று நான் எழுதியதெல்லாம் என் ஜோடிப்பு. அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இனி என் எழுத்தை நீ எப்படி நம்புவாய்? அதனால் தபால் ஆபீஸ் மைப்பெட்டியை வாங்கி வந்தேன். என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, "நீ ஒண்ணும் எழுதாத, தள்ளு" என்று அவளே அந்த ஆட்காட்டி விரலை மையில் ஒற்றி வைத்தாள். கைநாட்டுக்குப் பெருவிரல்தான் வைக்க வேண்டும் என்றேன். கேட்கவில்லை.

எந்த ஊரில் பாடினாலும் மாதா உன் தொண்டையைக் காக்கட்டும். நீயும் கையெழுத்தைப் போட்டுவிடு, மக்களே.

உன் மாமன்,
கஸ்பார்

கீழே நீல மையில் இருப்பது உன் அம்மா.